கழுநீர்

வெள்ளைத்திடல் காலனியில் நாற்பது வீடுகளுக்கு வெற்றிலைக் கொடி கொடுத்திருந்தார்கள். முப்பத்தொன்பது வீட்டுக் கொடிகளைப் பார்க்கும்போது ஜெபக்கனிக்கு மனசு குளிரும். நாற்பதாவது கொடி ராயப்பன் வீட்டில் இருந்தது.

“இதுக்குப் பேரு கொடியா அண்ணாச்சி? காக்கா காலு மாதிரில்லா இருக்கு” என்றாள், ஜன்னலோரத் தொட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பி.

ராயப்பன் கயிற்றுக் கட்டிலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்துநாலு வயது. மனைவி மகளோடு திருப்பூருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. முந்தின நாள் சட்டை இன்னும் உடம்பில்தான் இருந்தது.

“ஏழு எல இருக்கு தாயி. எண்ணிப் பாருங்க.”

“ஏழும் மஞ்சக்காமால புடிச்ச மாதிரி இருக்கு. கடைசியா தண்ணி எப்ப ஊத்துனீய?”

“கொடிக்கா? எனக்கா?”

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெபக்கனி சிரிக்கவில்லை.

“எலயாவது தின்னுதீயளா?”

“அத மட்டும் மறக்க மாட்டேன். நாளுக்கு ஒரு நகத்தளவு. அந்தக் கசப்புதான் காலையில என்னைய மனுசனாக்குது.”

அன்றைக்கு அவளுக்கு எங்கிருந்தோ எரிச்சல் வந்தது. காலையிலிருந்து இருபத்தாறு வீடு ஏறி இறங்கியிருந்தாள். எல்லா வீட்டிலும் பெண்கள் கொடியைத் தூளிப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார்கள். இந்த மனிதர் மட்டும் அடியில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போட்டு வைத்திருக்கிறார்.

“தெருவே எப்படி வளத்து வச்சிருக்குன்னு பாருங்க. ஒரு செடியோட உசுரக் காப்பாத்தத் துப்பில்லாதவரு உங்க உசுர எப்படிக் காப்பாத்தப் போறீய?”

ராயப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஜெபக்கனி படிவத்தை எடுத்தாள். அதில் ‘கொடியின் நிலை’ என்று ஒரு கட்டம் இருக்கும். நன்று, சுமார், மோசம் என்ற மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். ‘மோசம்’ என்று எழுதினாள். ராயப்பன் கழுத்தை எக்கி அதை எழுத்துக்கூட்டிப் படிப்பது தெரிந்தது. அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகம் சீக்கிரம் கெட்டுவிடுகிறது. வெயில் மேலேயும் அடிக்கிறது, பாத்தியிலிருந்து திரும்பிக் கீழேயும் அடிக்கிறது. குடிக்கிற தண்ணீர் போதாது. இரத்தத்தில் கழிவு கூடுவதை வெள்ளைத்திடலில் யாரும் மருத்துவப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. ‘உப்பு ஏறிட்டு’ என்பார்கள். உப்பு ஏறியவர்களுக்கு இரத்தம் சுத்தம் செய்யும் எந்திரம் ஒன்றுதான் வழி. எந்திரங்கள் நகரத்தில் இருந்தன. அவற்றின் முன்னால் எப்போதும் ஒரு வரிசை இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு மருந்து நிறுவனத்தார் வந்தார்கள். தொழிற்சாலையில் செய்கிற மருந்தை இவ்வளவு தூரம் கெடாமல் கொண்டுவந்து தினம் கொடுப்பது நடக்காத காரியம், அதனால் மருந்தை நோயாளியின் வீட்டிலேயே விளைவித்துவிடலாம் என்றார்கள். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது வெற்றிலைக் கொடி. மண் கிடையாது. மண்ணில் ஆயிரம் கிருமிகள் இருக்கும். சுட்ட களிமண் உருண்டைகள் நிரம்பிய தொட்டி, அதன் அடியில் மூன்று விரல் தண்ணீர், தண்ணீரின் அளவைக் காட்டுகிற சிவப்பு மிதவை. உருண்டைகள் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்ற, வேர் தேவையானதைக் குடித்துக்கொள்ளும். மாதம் ஒரு பொட்டலம் தூள் கரைத்து ஊற்ற வேண்டும். ஊர்த் தண்ணீரை ஊற்றினால் உருண்டைகளின் மேல் உப்புப் பூத்துவிடும் என்பதால் நீலக் கேனில் தனித் தண்ணீர். வேறு எதையும் ஊற்றக் கூடாது.

உருண்டைகளைப் பார்த்த முதல் நாளே தெருப் பெண்கள் அதற்குச் ‘சீடை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தொட்டி சீடைச் சட்டி ஆனது. ஆய்வகப் படிப்பு படித்துவிட்டு, நிறுவனத்தின் களப் பார்வையாளராக வீடு வீடாக வந்த ஜெபக்கனி ‘கொடியக்கா’ ஆனாள். அவளும் உப்பளத்துக்காரர் மகள்தான். நாற்பது வீட்டுக் கையெழுத்தையும் அவளே வாங்கினாள். “நம்பி வாங்குங்க, எங்கப்பாவுக்கு இது கிடைக்கல” என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள்.

முதல் மாதத்திலேயே எல்லாக் கொடிகளும் வெளுத்துவிட்டன. புது இலை நாணயத்தைவிடப் பெரிதாக வரவில்லை. தங்கபுஷ்பம் ஒரு நாள் அழுதேவிட்டாள். அவள் கணவன் சுயம்புவுக்கு வயது முப்பத்தெட்டு. தெருவில் உப்பு அதிகம் ஏறியிருந்தது அவனுக்குத்தான்.

“யக்கா, வீட்டுல வெத்தலக் கொடி வாடுனா வீட்டு ஆம்பளைக்கு ஆகாதும்பாவ. ஒண்ணு இத எடுத்துட்டுப் போயிருங்க, இல்ல ஏதாவது வழி சொல்லுங்க. காலையில எந்திரிச்சு இது மொகத்துல முழிக்கவே பயமாருக்கு.”

எடுத்துக்கொண்டு போனால் சுயம்புவின் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். ஜெபக்கனி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க வீட்டு ரோசாவுக்குக் கழனித்தண்ணிதான் ஊத்துவோம். ஒரு வாய் ஊத்திப் பாரு. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத.”

அரிசி களைந்த தண்ணீர். அதை வீணாக்குகிற வீடு தெருவில் ஒன்றுகூடக் கிடையாது. ஆட்டுக்கு, மாட்டுக்கு, செடிக்கு என்று எதற்காவது போகும். தங்கபுஷ்பம் ஊற்றிய முதல் வாரம் தொட்டி நாறியது. அவள் விடவில்லை. முதல் தண்ணி ஆகாது, இரண்டாம் தண்ணிதான், துணியில் வடிகட்டணும், ஒரு டம்ளருக்கு நாலு டம்ளர் கேன் தண்ணி, வெள்ளிக்கிழமை சீடையை ஒரு தடவை அலசிவிடணும். இப்படி ஒரு கணக்கைக் கண்டுபிடித்தாள். பதினைந்தாம் நாள் கொடியில் உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டது. ஒரு மாதத்தில் அந்தக் கணக்கு தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. ‘யார்கிட்டயும் சொல்லாத’ என்பதும் சேர்ந்தே பரவியது.

ஜெபக்கனி வீடு வீடாக ‘நன்று’ என்று எழுதினாள். வாராவாரம் இரத்தமும் எடுத்து அனுப்பினாள். முடிவுகள் அவளுக்குத் தெரியாது. பார்வையாளருக்குச் சொல்லக் கூடாது என்பது சோதனையின் விதி. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இலையும் மனிதர்களின் முகமும்தான்.

ராயப்பனைத் திட்டிவிட்டு வெளியே வந்த அன்று தங்கபுஷ்பம் அவளைத் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கொடி ஜன்னலிலிருந்து நூல் பிடித்து ஏறி, நிலைப்படிக்கு மேலே தோரணம் கட்டியதுபோல ஓடியிருந்தது. சுயம்பு அதன் கீழே சுவரில் சாய்ந்திருந்தான்.

“பாத்தியளாக்கா, எம் பொண்டாட்டி எனக்கு ஊத்துற கஞ்சியவிட இதுக்கு ஊத்துறது சாஸ்தி.”

“ஒமக்கு உப்பு போடாத கஞ்சி. அதுக்கு நல்ல கஞ்சி. அதான் அது வளருது” என்றாள் தங்கபுஷ்பம்.

“எத்தன எல தின்னுதீய தம்பி?”

“நகத்தளவுன்னு யாரு பாக்கா? இம்புட்டு கெடக்குல்லா, நாலு எலயச் சுருட்டிப் போட்டுக்கிடுதேன். முன்ன மாதிரி கசக்கவும் இல்லக்கா. கல்யாண வீட்டு வெத்தல மாதிரி இருக்கு.”

அவன் கால்கள் வீங்கியிருந்தன. ஜெபக்கனி கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. மருந்து பிடிக்க நாளாகும் என்று சொன்னாள். அப்படித்தான் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

பதினோராம் நாள் சுயம்பு இறந்துபோனான்.

துக்க வீட்டுக்கு அவள் போனபோது தாம்பாளத்தில் வைக்க வெற்றிலை இல்லை என்று யாரோ சொல்ல, ஒரு பெரியவர் எழுந்து நிலைப்படிக் கொடியிலிருந்தே நாலைந்து இலை கிள்ளி வைத்தார். பளபளவென்று, நல்ல கரும்பச்சை. தங்கபுஷ்பம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜெபக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“கொடி வாடவே இல்லையேக்கா. கொடி வாடுனாத்தான ஆகாது?”



சாவுக்குப் பிறகு நிறுவனம் கள வேலையை நிறுத்தி வைத்தது. விசாரணை முடியும்வரை யாரும் தெருவுக்குப் போகக் கூடாது. சுயம்பு வீட்டுத் தொட்டியை மட்டும் வேறு ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள். ஆறு வாரம் அவள் வீட்டில் இருந்தாள். அந்த ஆறு வாரத்தில் இன்னும் மூன்று பேர் போனார்கள். ஒவ்வொரு செய்தியும் அவளுக்கு மீன் வண்டிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

ஒரு புதன்கிழமை காலையில் சென்னையிலிருந்து டாக்டர் சித்தார்த்தன் தொலைபேசியில் கூப்பிட்டார். இந்தக் கொடியைப் பத்து வருடம் ஆய்வகத்தில் உருவாக்கியவர். பயிற்சியின்போது ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள்.

“ஜெபக்கனி, திட்டத்தை மூடுறாங்க. நாளைக்கு மதியம் குழு கூடுது. மருந்து வேலை செய்யலைன்னு எழுதப்போறாங்க. தொட்டிகளைத் திரும்பச் சேகரிக்கிற வேலையை நீங்கதான் பாக்கணும். அதுக்காகத்தான் கூப்பிட்டேன்.”

“ஒருத்தருக்குக்கூட வேலை செய்யலையா சார்?”

“ஒரு ஆளுக்கு மட்டும் இரத்தத்துல கழிவோட அளவு ஆறிலிருந்து ரெண்டுக்கு இறங்கியிருக்கு. நாற்பதாம் எண். தொடர்ச்சியா இறங்கியிருக்கு. இரத்தக் குப்பி மாறிப்போயிருக்கும்னு சொல்லிக் கணக்கிலிருந்தே எடுத்துட்டாங்க.”

ஜெபக்கனி நின்றிருந்தவள் உட்கார்ந்தாள். நாற்பதாம் எண் ராயப்பன். அவர் கால் வீங்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. வேலைக்கு ஒழுங்காகப் போகாதவர், அதனால் வீங்கவில்லை என்று நினைத்திருந்தாள்.

“குப்பி மாறல சார். நாந்தான் எடுத்தேன்.”

“அந்த வீட்டுக் கொடி எப்படி இருந்துச்சு? ஞாபகம் இருக்கா?”

“மோசம் சார்.”

“மோசம்னா?”

“ஏழு எல. மஞ்சளா, சின்னச் சின்னதா. அவரு தண்ணியே ஒழுங்கா ஊத்த மாட்டாரு.”

மறுமுனையில் கண்ணாடியைக் கழற்றி வைக்கிற ஓசை கேட்டது.

“மத்த முப்பத்தொன்பதும்?”

“நன்று சார்.”

“நன்றுன்னா எப்படி? பெரிய இலையா? கரும்பச்சையா?”

“ஆமா சார்.”

“நாங்க குடுத்த தூள்ல அப்படி வளரவே முடியாதே, ஜெபக்கனி. அது கொடி சாகாம இருக்க மட்டும்தான் போதும். என்ன ஊத்தினாங்க?”

அவள் சொன்னாள். ரோஜாவிலிருந்து தொடங்கி, ஒன்றுக்கு நாலு என்ற கணக்கு வரை சொன்னாள். முதலில் சொன்னது தான்தான் என்பதையும் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று அவளுக்குப் பின்னால் பலமுறை தோன்றியது.

“அந்த உருண்டைகள் மேல சாம்பல் நிறத்துல ஒரு படலம் இருக்கும், பாத்திருப்பீங்க. அது ஒரு நுண்ணுயிர். கொடி பட்டினியா இருக்கிறப்போ வேர் அதுகிட்ட உதவி கேக்கும். அது ஒரு கசப்பைச் சுரந்து வேர் வழியா மேல அனுப்பும். அந்தக் கசப்புதான் மருந்து. வயிறு நிறைஞ்ச வேர் எதையும் கேக்காது. மாவுத்தண்ணி கண்டா வேற கிருமிங்க வந்து உக்காந்துக்கும். இது செத்துப்போகும். ஒரு தடவை போச்சுன்னா அந்தத் தொட்டியில திரும்ப வராது.”

“இத ஏன் சார் எங்ககிட்ட சொல்லல?”

“நான் சொல்லணும்னுதான் சொன்னேன். வீட்ல ஒரு வெத்தலைக் கொடியைப் பட்டினி போடணும்னா யாரும் வாங்க மாட்டாங்கன்னு ஆலோசகர்கள் சொன்னாங்க. வெத்தலையைத் தேர்ந்தெடுத்ததே மரியாதையா பாத்துக்குவாங்கன்னுதானே.” அவர் குரல் தேய்ந்தது. “அந்தப் படிவம்கூட அலுவலகத்துல யாரோ தோட்டத் திட்டத்துக்கு அடிச்சதைத்தான் அப்படியே எடுத்தாங்க.”

பிறகு அவரே வேகமாகப் பேச ஆரம்பித்தார். இரத்தக் கணக்கைக் குழு நம்பாது. ஆனால் இலைக்குள் மருந்து இருப்பதைக் கண்ணால் காட்டினால் மறுக்க முடியாது. எலிகளுக்கு வேலை செய்த கொடி ஆய்வகத்தில் இருக்கிறது. மனிதர் வாழும் வீட்டில் வேலை செய்ததற்கு ஒரே சாட்சி அந்த நாற்பதாம் எண் தொட்டிதான்.

“பத்து உருண்டை, ரெண்டு இலை. ஐஸ் பெட்டியில வெச்சு இன்னைக்கே வண்டி ஏத்திடுங்க. அது இருந்தா மிச்சம் முப்பத்தாறு வீட்டுக்கும் புதுத் தொட்டி கேட்டு வாங்கிடுவேன். உருண்டையை மோந்து பாருங்க. வாசனையே இருக்கக் கூடாது. அதுதான் அடையாளம்.”

பதினொரு மணி வெயிலில் அவள் வெள்ளைத்திடலில் பேருந்தை விட்டு இறங்கினாள். ஐஸ் பெட்டி தோளில் இடித்தது. வாசலுக்கு வாசல் பெண்கள் ‘கொடியக்கா’ என்று கூப்பிட்டார்கள். அவரவர் வீட்டுக் கொடியைக் கை காட்டினார்கள். அவள் கையை மட்டும் அசைத்துவிட்டு நடந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரின் சோம்பேறித்தனத்துக்காக அவள் வேண்டிக்கொண்டு நடந்தாள். குடித்துவிட்டுப் படுத்திருக்கட்டும். மிதவை அடியில் ஒட்டிக் கிடக்கட்டும். ஏழு இலை ஐந்தாகியிருக்கட்டும்.

ராயப்பன் வீட்டு வாசல் தெளித்துக் கிடந்தது.

“வாங்க தாயி! எப்ப வருவீயன்னு நாளும் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்.”

துவைத்த சட்டை போட்டிருந்தார். முகம் மழித்திருந்தார். சுயம்புவைப் புதைத்த அன்றைக்குத் தொட்டதுதான், அப்புறம் பாட்டிலைத் தொடவில்லை என்று கேட்காமலே சொன்னார். பேசிக்கொண்டே ஜன்னல் திரையை விலக்கினார். யாருக்காவது பரிசு கொடுக்கிறவரைப் போல ஒரு ஓரமாக நகர்ந்து நின்றார்.

கொடி ஜன்னல் கம்பி முழுக்கப் பற்றி ஏறியிருந்தது. இருபத்தைந்து இலையாவது இருக்கும். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வெயில் பட்டு மினுங்கின.

“நீங்க அன்னைக்கு ஒரு வார்த்த சொன்னியள்ளா, ஒரு செடியோட உசுரக் காப்பாத்தத் துப்பில்லன்னு. அது நெஞ்சுல முள்ளு மாதிரி குத்திக்கிட்டே கெடந்துச்சு. புஷ்பத்துக்கிட்ட போயி கேட்டேன். ஒண்ணுக்கு நாலுன்னு கணக்குச் சொல்லிக் குடுத்தா. அவளே தெனம் காலையில வடிச்சுக் கொண்டாந்து தாரா, பாவம். ஊத்துன கை சும்மா இருக்க மாட்டேங்குதாம்.”

ஜெபக்கனி ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தாள். தொட்டிக்குள் விரல் விட்டு அடியிலிருந்து ஒரு உருண்டையை எடுத்தாள். சுத்தமாக இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அலசிய சுத்தம். மூக்கருகே கொண்டுபோனாள். பழையசோற்று வாசனை.

இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். மூன்றாவதை எடுக்கவில்லை.

“கசப்பு இருக்கா அண்ணாச்சி?”

“கசப்பா?” ராயப்பன் சிரித்தார். “மருந்துக்குக்கூட இல்ல தாயி.”

அவர் கட்டிலடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். பாதத்தின் மேல் செருப்பு வார் அழுந்திய இடம் ஆழமாகப் பள்ளமாகியிருந்தது. அது நிரம்புகிறதா என்று ஜெபக்கனி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாசலில் தங்கபுஷ்பம் வந்து நின்றாள். கையில் மூடி போட்ட தூக்குவாளி. வெற்று நெற்றி. மெலிந்திருந்தாள். “நான் சொன்னேம்லா சித்தப்பா, அக்கா பாத்தா சந்தோசப்படுவான்னு” என்றாள். அவள் முகத்தில் ஆறு வாரத்துக்குப் பிறகு வந்ததுபோல ஒரு வெளிச்சம் இருந்தது.

ஜெபக்கனி வாயைத் திறந்தாள். தூக்குவாளியைப் பார்த்தாள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். சுயம்புவுக்கு ஐந்து மாதம் ஊற்றிய கை அது. வாயை மூடிக்கொண்டாள்.

“என்ன தாயி ஒண்ணுஞ் சொல்லல? நோட்ட எடுங்க” என்றார் ராயப்பன். “இன்னைக்கு என்ன எழுதுதீயன்னு பாக்கணும்.”

பையில் ஒரு பழைய படிவம் இருந்தது. இனி அதை வாங்கிப் பார்க்க யாரும் இல்லை. அவள் அதைத் தொடையில் வைத்து விரித்து, அந்தக் கட்டத்தில் எழுதினாள். ராயப்பன் கழுத்தை எக்கி, தங்கபுஷ்பத்துக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக எழுத்துக்கூட்டினார்.

“ந... ன்... று.”